காலை ஒன்பதரைச் சிவப்புக் கட்டம்

‘ஊய்ங்... ஊய்ங்... ஊய்ங்...’

ஆம்புலன்ஸ் கடைக்குள்ளேயே புகுந்துவிட்டது போலிருந்தது. பட்டா மனு அடிக்கக் கோலியனூரிலிருந்து வந்திருந்த பெரியவர், ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு, தோள் துண்டை அள்ளிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டார்.

சத்தம் வந்தது ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்து. அதன் முன்னால் கடை முதலாளி சவுரிராயன், சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை உதறிக்கொண்டிருந்தார்.

“குணமதி! ஜல்தி வாம்மா! இன்னாவோ கத்துது பாரு!”

குணமதி இரண்டாம் நம்பரிலிருந்து எழுந்து வந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்து. ஒரு பெண் குரல் வேறு அதையே திரும்பத் திரும்பப் படித்தது.

முதலில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். பிறகு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, அந்தப் பக்கத்தையே மூடினாள். சிவப்பு போயிற்று. பின்னால் சாதுவாக ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தெரிந்தது.

“எங்க போய் இன்னா அமுக்கினீங்க சார்?”

“வாழ்த்து அட்டைக்கு பார்டர் தேடினேன். ஃப்ரீன்னு போட்டிருந்தான்.”

“சும்மா பயமுறுத்தறான் சார். அந்த நம்பருக்குப் போன் பண்ணாதான் ஆபத்து. இதுல ஒண்ணும் ஆகல.”

“ஒண்ணும் ஆகலையா? எனக்கு நெஞ்சு அடிச்சிக்கினது உனக்கு கேக்கலையா?” சவுரிராயன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். “திருமுருகா! எங்க இருக்கே? பெரியாஸ்பத்திரி பக்கமா? நேரா கடைக்கு வா. மூணு மெஷினையும் துடைச்சி ஃபார்மட் பண்ணிடு. பேஜாரா போச்சு.”

குணமதி சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினாள். அன்று அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். மணி பத்தேகால்.

பத்து இருபத்தைந்துக்கு அவளுடைய போன் அடித்தது. திண்டிவனம் அகல்விளக்கு மெட்ரிக் பள்ளி. தலைமையாசிரியை தையல்நாயகியே பேசினார்.

“குணமதி, பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் கேள்வித்தாள் வெளிய போயிடுச்சு.”

“மேடம்?”

“நேத்து சாயங்காலமே ஏதோ ஒரு டியூஷன் வாட்ஸ்அப் குரூப்ல சுத்திக்கினு இருக்கு. இன்னிக்கு நடக்க வேண்டிய அரையாண்டுத் தேர்வை நிறுத்திட்டோம். நம்ம நிர்வாகத்து நாலு பள்ளிக்கூடத்துலயும்.” ஒரு மூச்சு விட்டார். “அதை அடிச்சது நீ. உன் பொண்ணு படிக்கிறது அதே பத்தாவது. நான் இதுக்கு மேல சொல்லணுமா?”

“ஹர்ஷினி எங்க மேடம்?”

“காலையில இருந்து என் ரூம்லதான் உட்கார்ந்திருக்கா. அழல. அதான் எனக்கே பயமா இருக்கு. தாளாளர் ஒரு மணிக்கு வர்றாரு. மாற்றுச் சான்றிதழ் எழுதி வைக்கச் சொல்லிட்டாரு. அப்புறம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம். ஒரு மணிக்குள்ள நீ வந்து ஏதாவது சொல்றதுன்னா சொல்லு. நான் உனக்கு அந்தப் படத்தை அனுப்பறேன்.”

படம் வந்தது. குணமதி விரல்களால் அதைப் பெரிதாக்கினாள்.

அச்சான தாளைப் படம் பிடித்தது இல்லை. கம்ப்யூட்டர் திரையின் படம். பதினான்காம் கேள்விக்கு இந்திய வரைபடம் வைக்க வேண்டிய இடம் இன்னும் காலியாக இருந்தது. கீழே வலது மூலையில் தேதியும் நேரமும் பளிச்சென்று தெரிந்தன. போன வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு முப்பத்தைந்து. வரைபடத்தை அவள் ஒட்டியது பன்னிரண்டு நாற்பதுக்கு. அதற்கு முன், வரைபடம் இல்லாத அந்தக் கேள்வித்தாளை இந்த உலகத்தில் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

அப்படியானால் படம் எடுத்தது யார்?

அவளைக் கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. கொடுக்காத பொருளை எடுப்பதில்லை என்று பன்னிரண்டு வயதில் மேல்சித்தாமூர் சமண மடத்தில் விரதம் எடுத்துக்கொண்டவள் அவள். நாலு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள்களை அடிக்கிறாள். ஹர்ஷினி எதிரில் பள்ளிக்கூடம் என்ற பேச்சைக்கூட எடுக்க மாட்டாள். போன காலாண்டுத் தேர்வில் அந்தப் பெண் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கி வந்து நிலைக்கண்ணாடியைப் பார்த்து அழுதபோதும், கேள்வித்தாள் அடித்த இந்த விரல்கள் வாயைத் திறக்கவில்லை.

படத்தை மறுபடி பார்த்தாள். நேரம் தெரிந்த மூலைக்குப் பக்கத்தில் தமிழ் கீபோர்டின் மஞ்சள் ‘த’. அதை ஒட்டி, மிளகு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி.

தன் திரையின் மூலையைப் பார்த்தாள். மஞ்சள் ‘த’. பக்கத்தில் சாம்பல் புள்ளி.

சரசரவென்று, அந்தக் கீபோர்டை ஓட்டும் தமிழ் பேக் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே இன்னொரு ஃபோல்டர். அதற்குள் படங்கள். நூற்றுக்கணக்கில் படங்கள். ஒன்றைத் திறந்தாள். அரை மணி நேரத்துக்கு முன் அடித்த கோலியனூர் பெரியவரின் பட்டா மனு. இன்னொன்று, போன வாரம் அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணின் விவாகரத்து மனு. இன்னொன்று யாரோ ஒருவரின் உயில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு படம் முளைத்தது. திறந்தாள்.

இந்த ஃபோல்டரை அவள் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே திரை.

குணமதி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். இத்தனை நாளும் தோளுக்குப் பின்னால் ஒருவன் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது போல முதுகு கூசியது. அவளாகவே போய் நெட் ஒயரை உருவினாள். கத்திய மெஷினில் ஒன்றுமே இல்லை. கத்தாத மெஷின்தான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் படம் பிடித்து, எங்கேயோ இருக்கும் எவனுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. நெட் மந்தமாக இருந்த நேரங்களில் போகாமல் தேங்கிய படங்கள்தாம் இவை. போனவை எத்தனையோ.

“சார்... இங்க வாங்க.”

சவுரிராயன் வந்து பார்த்தார். ஒரு படம், இரண்டு படம், மூன்றாவதாக உயில். அதற்கு மேல் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் அங்கே நின்ற பெரியவரிடம், “ஐயா, கரண்ட் கோளாறு, மதியமா வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“இதை வெளிய சொல்லாதே.”

“சொல்லாம? என் பொண்ணை அங்க உட்கார வெச்சிருக்காங்க சார்.”

“நான் ஒரு லெட்டர் தர்றேன். குணமதி நல்லவங்கன்னு என் லெட்டர்பேடுல எழுதித் தர்றேன். ஆனா இந்தப் படம் வெளிய போனா, நாளைக்கு விழுப்புரத்துல ஒருத்தன் என் கடைப் படியேறுவானா? வக்கீலுங்க சும்மா விடுவாங்களா? முப்பது வருஷக் கடைம்மா.”

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான் திருமுருகன். தோளில் பை, இடுப்பில் சாவிக்கொத்து. அந்தக் கொத்தில் சாவியைவிடப் பென்டிரைவ்தான் அதிகம். திண்டிவனத்துக்காரன். அங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடை என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன்தான் வைத்தியன்.

“எது சார் கத்துச்சு? மூணையும் துடைச்சிடலாம். முதல்ல அக்காவோட ரெண்டாம் நம்பரை ஆரம்பிக்கறேன்.”

கத்தியது ஒன்றாம் நம்பர். இவன் ஏன் இரண்டுக்கு வருகிறான்?

“திருமுருகா, இதைப் பார்த்துட்டு சொல்லு” என்றாள்.

அவன் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் குணமதி கவனித்தாள். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் அவன் முகத்தில் இருந்தது, பல்வலிக்காரனைப் பல் டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருமே, அந்தக் களை.

“இது... ஒண்ணுமில்ல அக்கா. ஏதோ குப்பை. ஃபார்மட் பண்ணா போயிடும்.”

“போயிட்டா நான் எதைக் காட்டறது?”

“யாருக்குக் காட்டணும்?”

“நீ பண்ணு திருமுருகா” என்றார் சவுரிராயன். “கேக்காதே, பண்ணு.”

திருமுருகன் ஒரு பென்டிரைவைக் கழற்றினான். ஆண்கள் இருவரும் குனிந்து மெஷினின் முன்பக்கம் துளை தேடினார்கள். அந்த இரண்டு விநாடி போதும் குணமதிக்கு. பிளக்கைப் பிடுங்கினாள். மானிட்டர் ஒயர், கீபோர்டு ஒயர், மவுஸ் ஒயர் எல்லாவற்றையும் ஒரே பிடியில் உருவினாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்த அந்த சி.பி.யூ. பெட்டியை, குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“ஏய், ஏய்! கடைப் பொருள்ம்மா அது!”

“சாயங்காலம் இதே இடத்துல வைக்கறேன் சார். வைக்கலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுங்க. எப்படியும் இன்னிக்கு என் பேர்ல ஒரு கம்ப்ளைண்ட் ரெடியாயிக்கினு இருக்கு. ரெண்டா இருந்துட்டுப் போகட்டும்.”

பாதி ஷட்டருக்குக் கீழே பெட்டியோடு குனிந்து, வெளியே வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டது பஸ் ஸ்டாண்டு போன பிறகுதான் தெரிந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து, துப்பட்டாவால் சுற்றிக்கொண்டாள். மணி பதினொன்று ஐம்பது. பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் கீழே நின்று நிதானமாகப் பட்டாணி தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பட்டாணியும் ஒரு நிமிஷம் போலத் தெரிந்தது அவளுக்கு.

கண்டக்டர் வந்தார். “இன்னாக்கா அது? மிக்ஸியா?”

“கம்ப்யூட்டர்.”

“மடிக்கணினின்னு கவர்மென்ட்ல குடுக்கறாங்களே, அது இதுதானா?” பின் சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். “லக்கேஜ் போடணும்க்கா.”

“போடுங்க. ஆனா வண்டியை எடுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் முகத்தைப் பார்த்த கண்டக்டர் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. விசிலை ஊதினார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் நாலு வரிசையில் நின்றன. போன் அடித்துக்கொண்டே இருந்தது. சவுரிராயன். திருமுருகன். மறுபடி திருமுருகன். பிறகு அவள் கணவன் பார்சுவநாத். இதை மட்டும் எடுத்தாள்.

“மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கேன். பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு. இன்னாமோ சொல்றாங்களே, குணா?”

“அப்புறம் சொல்றேன்.”

“நீ எடுக்கலைல்ல?”

கேட்டுவிட்டான். கட்டியவனே கேட்டுவிட்டான். “இல்ல” என்றாள். “அது எனக்குத் தெரியும், சும்மா கேட்டேன்” என்றான் அவன். தெரிந்தால் எதற்குக் கேட்க வேண்டும்? போனை வைத்துவிட்டாள்.

பஸ் நகர்ந்தது. மடியில் பெட்டியின் விளிம்பு தொடையை அறுத்தது. நகர்த்தி வைத்தால் டிக் டிக்கென்று உள்ளே ஏதோ ஆடியது. உடைந்துவிட்டால்? குலுங்கிக் குலுங்கி உள்ளே இருப்பது அழிந்துவிட்டால்? இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். உலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் விரட்டுவார்கள். அவள் மட்டும் அது பத்திரமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலம் கோயிலுக்குப் போகிற கூட்டம் இறங்கியது. ஏறியது ஒரே ஒரு ஆள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி திருமுருகன். பைக்கில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்து, ஒரு டீக்கடை ஓரம் வண்டியைப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்தான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

“அக்கா, இறங்கிடலாம். பேசணும்.”

“பேசறதை இங்கயே பேசு. பெட்டி மேல கை வெச்சே, கண்டக்டரைக் கூப்பிடுவேன்.”

அவன் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை உருட்டினான்.

“அது என் பென்டிரைவ்ல இருந்து வந்ததுதான்.”

“தெரியும்.”

“எனக்கு அப்போ தெரியாதுக்கா, சத்தியமா. ஆயுத பூஜைக்கு முன்னாடி எல்லாக் கடையிலயும் மெஷினைத் தூசு தட்டித் துடைச்சிக் குடுப்பேன் இல்ல? இந்த வருஷம் தமிழ் பேக்கும் புதுசா போட்டுவிட்டேன். பழைய பேக்கு புது விண்டோஸ்ல இழுத்துக்கினு கெடந்துச்சு. நெட்ல தேடினேன், ஃப்ரீயா கெடைச்சுது. நாலே நாள்ல இருபத்திமூணு கடைக்குப் போட்டேன். அதுக்குள்ள எவனோ இதை வெச்சுத் தைச்சிருக்கான்.”

இருபத்துமூன்று கடை. சுத்தம் செய்கிற திருநாளில், துடைத்துப் பொட்டு வைக்கிற நாளில், கடை கடையாக நுழைந்திருக்கிறது.

“எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “பத்து நாளாச்சு. திண்டிவனத்துல ஒரு கடையில நெட் ரொம்ப இழுக்குதுன்னு கூப்பிட்டாங்க. அங்க பார்த்தேன். அன்னியில இருந்து ஒவ்வொரு கடையா சர்வீஸ்னு சொல்லி ஃபார்மட் பண்ணிக்கினு வர்றேன். உங்க கடைதான் கடைசி.”

“பத்து நாளா!” குணமதியின் குரல் பஸ்ஸுக்கே கேட்டது. “கேள்வித்தாளை நான் அடிச்சது வெள்ளிக்கிழமை, திருமுருகா! ஒரு போன் பண்ணி, அக்கா, அந்த மெஷினைத் தொடாதேன்னு சொல்லியிருந்தா?”

“சொன்னா இருபத்திமூணு கடையும் என்னைக் கட்டி வெச்சு அடிக்கும். ரெண்டு குழந்தைங்கக்கா எனக்கு.”

“எனக்கு ஒண்ணு. அது இப்போ ஹெச்.எம். ரூம்ல உட்கார்ந்திருக்கு.”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். திருமுருகன் குரலைத் தாழ்த்தினான்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. பெட்டியை எங்கிட்ட குடுங்க. நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து, எவனோ வெளியில இருந்து ஹேக் பண்ணிட்டான்னு சொல்றேன். எழுதியும் தர்றேன். அதை விட்டுட்டு நீங்க இதை அங்க போய் ஆன் பண்ணா, உங்களுக்கும் நல்லதில்ல.”

“எனக்கு இன்னா?”

“ஆன்டிவைரஸ் இருக்கே, அது எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, யாரு அனுமதி குடுத்தாங்கன்னு. அம்பது நாளுக்கு மேல இருக்கும். எல்லாத்துலயும் உங்க பேருதான். பார்க்கறவன் இன்னா சொல்லுவான்? தெரிஞ்சே கதவைத் திறந்து விட்டாங்கன்னு சொல்லுவான்.”

குணமதி துப்பட்டாவைப் பெட்டியைச் சுற்றி இன்னும் இறுக்கினாள்.

ஆன்டிவைரஸ் காட்டும் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தெரியாத டைப்பிஸ்ட் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்களுக்குத் தமிழ் பேக் இல்லாமல் வேலை ஓடாது. விரல் ஓர் எழுத்தைத் தட்டினால், அதை நடுவில் மடக்கிப் பிடித்துத் தமிழாக மாற்றிப் போடுவதுதான் பேக்கின் வேலை. நடுவில் மடக்கிப் பிடிப்பது திருடனின் வழக்கம் என்பதால் ஆன்டிவைரஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கடையில் மெஷினை ஆன் செய்ததும், காலை ஒன்பதரைக்கு, டாணென்று சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். ‘சந்தேகத்துக்குரியது. அனுமதிக்கலாமா?’ என்று கேட்கும். அனுமதி என்று தட்டினால்தான் தமிழ் வரும். ‘சிவப்பு வந்தா பயப்படாதீங்க, கண்ணை மூடிக்கினு அனுமதி குடுங்க’ என்பது திருமுருகன் எல்லாக் கடைக்கும் சொல்லிக் கொடுத்த பாடம். காபி குடிப்பதற்கு முன் தட்டுகிற முதல் பட்டன் அது. பன்னிரண்டு வருஷமாகத் தட்டுகிறாள்.

திருமுருகன் சொன்னது சரிதான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதியை அவள் ஒருத்திதான் அறிவாள். அது மடியிலிருந்த பெட்டியைவிட அதிகமாகக் கனத்தது.

திண்டிவனம் மேம்பாலம் தெரிந்ததும் எழுந்தாள். படியில் பெட்டியோடு தடுமாறினாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் பெட்டியை வாங்கின. திருமுருகன். ஒரு கணம் இருவரும் அப்படியே நின்றார்கள். ஓடிவிடுவானோ?

அவன் ஆட்டோவைக் கூப்பிட்டு, பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, அவள் பக்கம் தள்ளினான்.

“ஹார்ட் டிஸ்க் பழசு. குலுக்காம கொண்டு போங்க” என்றான். அவன் மட்டும் ஆட்டோவில் ஏறவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது ஒரு மணி பத்து. தலைமையாசிரியை அறையில் தாளாளர் விருத்தாசலம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு நீளத் தாள். பெயர் எழுதும் இடத்தில் ‘ஹர்ஷினி’ என்று அழகான கையெழுத்து. கீழே கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

மூலை நாற்காலியில் ஹர்ஷினி. மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். அம்மாவைப் பார்த்ததும் எழவில்லை. கண் மட்டும் கேட்டது. அந்தக் கேள்வி பார்சுவநாத் கேட்ட அதே கேள்விதான்.

“என்னம்மா, சாட்சியைப் பெட்டியோட தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க?” என்றார் விருத்தாசலம்.

“ஆமாங்க ஐயா. ஆன் பண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.”

தையல்நாயகி கம்ப்யூட்டர் ஆசிரியர் இனியவனை அழைத்தார். அவர் தன் மானிட்டரைக் கொண்டுவந்து இணைத்தார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. குணமதிக்கு டோல்கேட், கூட்டேரிப்பட்டு, அந்தக் குலுக்கல் எல்லாம் கண்முன் ஓடின. இனியவன் ஒரு ஒயரை அழுத்திச் செருகினார். ‘க்ளிக்’. திரை விழித்தது.

வழக்கம்போல் முதலில் வந்தது சிவப்புக் கட்டம். இனியவன் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, குணமதி சொன்ன ஃபோல்டருக்குள் போனார்.

படங்கள் விரிந்தன. பட்டா, விவாகரத்து, உயில், ரேஷன் கார்டு மனு. வெள்ளிக்கிழமை மதியம் போகாமல் தங்கிய படங்களில் ஒன்று, கேள்வித்தாளின் இரண்டாம் பக்கம். இனியவன் நேரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு மேடம். ராத்திரி பகல்னு இல்ல, மெஷின் ஓடற நேரமெல்லாம். இது கையால எடுக்கறது இல்ல. உளவு புரோகிராம். இவங்க எடுக்கணும்னா பிரிண்ட் எடுத்தே குடுத்திருக்கலாமே.”

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அது என்ன?” விருத்தாசலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “அது என் லெட்டர்! என் தம்பிக்குச் சொத்து விஷயமா எழுதினது. இது எப்படி இங்க?”

“நீங்களும் எங்க கடையிலதாங்க ஐயா அடிச்சீங்க” என்றாள் குணமதி.

விருத்தாசலம் மெதுவாக உட்கார்ந்தார். அடுத்தவர் வீட்டுத் திருட்டாக இருந்தவரை வந்த கோபம் ஒன்று. இப்போது அவர் முகத்தில் இருந்தது வேறு. “இதை எவனெல்லாம் படிச்சானோ!” என்று மட்டும் முனகினார். போலீசுக்கு எழுதி வைத்திருந்த கம்ப்ளைண்டை எடுத்து, குணமதியின் பெயரிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். “சைபர் கிரைமுக்கு மாத்தி எழுதணும். அந்த டியூஷன் குரூப்புக்கு எவன் வித்தான்னு அவங்க பிடிக்கட்டும்.”

ஹர்ஷினி முதல் தடவையாக டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து வராத அழுகை.

இனியவன் ஓரத்தில் கிடந்த சிவப்புக் கட்டத்தை நடுவுக்கு இழுத்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“ஆனா மேடம், ஆன்டிவைரஸ் தூங்கல. கேட்டிருக்கு. பாருங்க, ரெண்டு பேர் போட்டு அனுமதிக்கலாமான்னு கேக்குது. மேல இருக்கிறது தமிழ் கீபோர்டு. கீழ ஏதோ ஒரு பேர், அதான் திருடன். யாராவது ஒரே ஒரு தடவை நிறுத்திப் படிச்சிருந்தா...”

“யாரு சார் படிக்கறாங்க?” என்றார் தையல்நாயகி. நிம்மதியில் அவர் குரலே மாறியிருந்தது. “நம்ம ஆபீஸ்லயே கட்டம் வந்தா சரி சரின்னு தட்டிட்டுப் போறோம். தட்டலைன்னா தமிழ் வராதுன்னு தினமும் தட்டற கை. பாவம், இவ எதைக் கண்டா?” மாற்றுச் சான்றிதழை மேசையிலிருந்து எடுத்தார். “போ குணமதி. பொண்ணைக் கூட்டிக்கினு போய் முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க. பொழுது சாஞ்சா நீங்க வாயில பருக்கை வைக்க மாட்டீங்க.”

எல்லாம் முடிந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. ஹர்ஷினி பக்கத்தில் வந்து நின்று, அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக, கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில், உள்ளே வரலாமா ஓடலாமா என்று புரியாமல் ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டிருந்த திருமுருகன் தெரிந்தான். எப்படியோ பின்னாலேயே வந்திருக்கிறான். பத்து நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன். அவனைத் திட்டிய வாய் அவளுடையதுதான்.

தையல்நாயகி சான்றிதழை இரண்டாகக் கிழிக்க விரல்களை வைத்தார்.

குணமதி மகளின் கையிலிருந்து துப்பட்டாவை மெல்ல விடுவித்துக்கொண்டு, மேசைக்கு ஓர் அடி முன்னால் வந்தாள்.

“கொஞ்சம் இருங்க மேடம். ஆயுத பூஜை வரைக்கும் அந்தக் கட்டத்துல ஒரு பேருதான் இருந்துச்சு, அப்புறம் ரெண்டாச்சு. அது என் கண்ணுல பட்டுச்சு, பட்டும் வேலை கெடக்கேன்னு தினமும் நான்தான் அனுமதி குடுத்தேன்.”